தடம் மாறிய குருதி: தமனியும் சிரையும் இணைந்த ஒரு நோயின் வரலாறு



மருத்துவ வரலாறு என்றவுடன் அம்மைத் தடுப்பூசி, பெனிசிலின், இதய மாற்று அறுவை முதலிய பெருவெற்றிகளே நம் நினைவுக்கு வரும். நம் பாடநூல்களும் அவற்றையே வரிசைப்படுத்திக் கூறுகின்றன. இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அரிதான ஒரு நோய். இடுப்புப் பகுதியில் ஓடும் பெரிய தமனியொன்று புடைத்து, அருகிலுள்ள சிரைக்குள் உடைந்து திறந்துகொள்ள, இரண்டிற்கும் இடையே இயற்கை அமைக்காத ஒரு வழி உண்டாகிவிடுவதே அந்நோய். பொது மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றியும் இத்தகைய நோயாளி ஒருவரைக்கூடக் காணாமல் போகலாம்.

அவ்வளவு அரிதான ஒன்றை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள அவையில் ஏன் பேச வேண்டும்? இந்நோய் அறியப்பட்ட வரலாற்றின் பெரும்பகுதி பிழைகளாலும் தோல்விகளாலும் ஆனது. மருத்துவரின் கையாலேயே நேர்ந்த காயம், காப்பாற்ற முடியாமற்போன நோயாளி, இறந்தபின் திறந்து பார்க்கப்பட்ட உடல் ஆகியவையே அதன் தொடக்கப் படிகள். அவற்றை மறைக்காமல் எழுதிவைத்தவர்கள் இருந்தமையால்தான் பின்வந்தோர் மேலே ஏற முடிந்தது. கண்டதைக் கண்டவாறு எழுதுதல் எத்துணை வலிமை உடையது என்பதற்கு இந்நோயின் வரலாறு சிறந்த சான்று. அதனை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இதயத்திலிருந்து குருதியை உடலெங்கும் கொண்டு செல்லும் குழல் தமனி. குருதியை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் குழல் சிரை. இவ்விரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழல் தந்துகி. தமிழகப் பாடநூல்கள் இவ்வாறு வழங்க, இலங்கைப் பாடநூல்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் வழங்குகின்றன. இரண்டும் நல்ல தமிழ் வழக்குகளே. எனினும் ‘நாடி’ என்றால் மணிக்கட்டில் பார்க்கும் துடிப்பு என்றே நம்மிற் பலர் பொருள் கொள்வர். ஆகவே, குழப்பத்தைத் தவிர்க்க இவ்வுரையில் தமனி, சிரை என்னும் சொற்களையே ஆள்கிறேன்.

தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிவுற்று வெளிப்புறமாகப் புடைப்பதை மருத்துவர்கள் அனியூரிசம் என்பர். நாம் தமனிப் புடைப்பு என்போம். பழைய மிதிவண்டியின் உட்குழாய் ஓரிடத்தில் மெலிந்து உப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உப்பிய இடம் மேலும் மெலியும், மெலிந்தது மேலும் உப்பும், முடிவில் வெடிக்கும். தமனிக்கும் சிரைக்கும் இடையே தந்துகிகளைத் தாண்டி நேரடியாக உண்டாகும் வழி ஃபிஸ்டுலா எனப்படும். அதனை நாம் குறுக்குவழி என்றே அழைக்கலாம்.

நம் உடலின் பெருந்தமனி வயிற்றின் பின்புறமாக இறங்கி, நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில், ஏறத்தாழக் கொப்பூழின் மட்டத்தில், இரண்டாகப் பிரிகிறது. இவ்விரு கிளைகளே பொது இலியாக் தமனிகள். ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, புறக்கிளை காலுக்கும் அகக்கிளை இடுப்புக்கூட்டின் உறுப்புகளுக்கும் செல்கின்றன. இத்தமனிகளை ஒட்டியே சிரைகளும் கிடக்கின்றன. குறிப்பாக, வலப்புறத்துப் பொது இலியாக் தமனி, இடக்காலிலிருந்து வரும் பெரிய சிரையின் மேலேறிக் குறுக்கே செல்கிறது. இடக்காலின் சிரைகளிலேயே குருதி உறைவது மிகுதி என்று ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1851ஆம் ஆண்டிலேயே குறித்ததற்கும் இந்த அமைப்பே காரணம். இவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும் இரு குழல்களில் ஒன்று புடைத்தால் மற்றொன்றை அழுத்தும். நாளடைவில் இரண்டின் சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அவ்விடத்திலேயே தமனி உடையக்கூடும்.

அவ்வாறு உடைந்தால் நேர்வது என்ன? வாய்க்கால், வயல், வடிகால் என்னும் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். தமனி வாய்க்கால், தந்துகிகள் பரவிய தசையும் உறுப்பும் வயல், சிரை வடிகால். வாய்க்காலின் கரை உடைந்து நீர் நேரே வடிகாலில் விழுந்தால், வயல் காயும். வடிகால் தாங்காமல் பெருகும். இங்கும் அதுவே நிகழ்கிறது. கால் வீங்குகிறது. இடுப்புச் சிரைகளில் அழுத்தம் ஏறிச் சிறுநீரில் குருதி தோன்றக்கூடும். சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதி குறைகிறது. பயன்படாமல் திரும்பி வரும் குருதியையெல்லாம் மீண்டும் மீண்டும் இறைக்க வேண்டியிருத்தலால் இதயம் களைத்துப் போகிறது. குருதி ஒரு சொட்டும் உடலுக்கு வெளியே சிந்துவதில்லை. ஆயினும் உடல் குருதியின்றி வாடுகிறது.

சுழற்சி அறியப்படாத காலம்

தமனிப் புடைப்பைப் பண்டையோர் அறிந்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறுவை மருத்துவர் அன்டில்லஸ், புடைப்பின் மேலும் கீழும் தமனியைக் கட்டி, நடுவிலுள்ள புடைப்பைத் திறந்து வெறுமையாக்கும் முறையைக் கூறியுள்ளார். ஆனால் தமனிக்கும் சிரைக்கும் இடையே உண்டாகும் குறுக்குவழியைப் பண்டையோர் புரிந்துகொள்ள வாய்ப்பில்லை. காலன் வகுத்த கோட்பாட்டின்படி, சிரைக் குருதி கல்லீரலில் தோன்றி உறுப்புகளால் உண்ணப்பட்டுத் தீர்ந்துவிடும். தமனியும் சிரையும் தனித்தனி அமைப்புகள். சுற்று என்னும் கருத்தே இல்லாதவிடத்துக் குறுக்குவழி என்னும் கருத்து எவ்வாறு பிறக்கும்?

1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி குருதி சுழல்கிறது என்பதை நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே கடக்கிறது என்பதை அவரால் காண முடியவில்லை. வழி இருந்தே தீர வேண்டும் என்று கணக்கினாலும் ஆய்வினாலும் முடிவு கண்டார். 1661ஆம் ஆண்டில் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து தந்துகிகளைக் கண்டார். சுற்று முழுமை பெற்றது. முறையான வழி இன்னதென்று தெரிந்தபின்னரே முறைகேடான வழியை அடையாளம் காண இயலும். அதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கையும் காதும்: வில்லியம் ஹண்டர்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் தலைவலிக்கும் குருதி வடித்தலே பொதுவான மருத்துவம். முழங்கையின் உள்வளைவில் தெரியும் சிரையைக் கூரிய கருவியால் கீறிக் குருதியை வடிப்பர். அச்சிரைக்கு நேர் கீழே, மெல்லிய சவ்வு ஒன்றே இடையிட, கையின் பெருந்தமனி ஓடுகிறது. கீறுபவர் சற்று ஆழமாகக் குத்திவிட்டால் சிரையைத் துளைத்த கருவி தமனியையும் துளைத்துவிடும். மேல்தோலின் காயம் கட்டுப்போட்டதும் ஆறிவிடும். உள்ளே இரண்டு துளைகளும் ஒன்றோடொன்று இணைந்து நிலைத்துவிடும்.

இலண்டனில் உடற்கூறு கற்பித்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ஹண்டர் இதனைக் கண்டறிந்தார். 1757ஆம் ஆண்டில் வெளியான தமது கட்டுரையில் இத்தகைய தனிவகைப் புடைப்பு உண்டு என்று சுட்டினார். 1762ஆம் ஆண்டில் அதனை மேலும் விரிவாக எழுதினார். சிரை பருத்துத் துடிப்பதையும், அதன்மேல் கைவைத்தால் ஓர் அதிர்வு உணரப்படுவதையும், காதை அருகில் வைத்தால் சீறும் ஒலி கேட்பதையும், துளையிருக்கும் இடத்தை அழுத்தினால் அவை நின்றுவிடுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தார். லென்னெக் இதயவொலிமானியைக் கண்டுபிடித்தது 1816ஆம் ஆண்டில்தான். ஹண்டரிடம் இருந்தவை விரலும் வெறுங்காதுமே.

இரண்டு செய்திகள் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, இந்நோய் தெய்வச் செயலோ உடலின் குற்றமோ அன்று. மருத்துவம் செய்தவரின் கைத்தவறு. அதனை அவ்வாறே எழுத ஹண்டர் தயங்கவில்லை. இரண்டாவது, சாதாரணத் தமனிப் புடைப்பைப் போலன்றி, கையில் உண்டாகும் இவ்வகை பல்லாண்டுகள் பெருங்கேடு விளைக்காமல் இருக்கக்கூடும் என்பதையும் அவர் தெரிவித்தார். எதனை அறுக்கலாம் என்பதோடு எதனை அறுக்காமல் விடலாம் என்பதையும் சொல்லும் நூலே முழுமையான மருத்துவ நூல்.

இடுப்புத் தமனியை நெருங்கியவர்கள்

கையிலுள்ள தமனி கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. இடுப்புத் தமனியோ வயிற்றின் ஆழத்தில், குடலுக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. மயக்க மருந்தும் கிருமி ஒழிப்பும் இல்லாத காலத்தில் அங்கே கத்தி வைப்பது எண்ணிப் பார்க்கவும் அஞ்சத்தக்க செயல். ஆனால் புடைத்த தமனி உடைந்தால் சாவு உறுதி. இவ்விரண்டு அச்சங்களுக்கும் நடுவே நின்றே அக்கால அறுவை மருத்துவர்கள் முடிவெடுத்தனர்.

இலண்டனில் ஜான் அபெர்னெதி 1796ஆம் ஆண்டில் புற இலியாக் தமனியைக் கட்டினார். 1812ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான சாந்தா குரூசில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர் அக இலியாக் தமனியைக் கட்டினார். அவருடைய நோயாளி ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண். கரும்புத் தோட்டங்களின் தீவு அது. அடிமை முறை நிலவிய காலம் அது. அப்பெண் பிழைத்தெழுந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். இறந்த பின்னும் அவர் உடல் ஆய்விலிருந்து விடுபடவில்லை. ஸ்டீவன்ஸ் கட்டியது உண்மையில் அக இலியாக் தமனிதானா என்னும் ஐயத்தைத் தீர்க்க, அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்ட பகுதி இலண்டனில் ஆராயப்பட்டு, 1830ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் அதன் விவரத்தை வெளியிட்டார். ஸ்டீவன்சின் கூற்று மெய்யாயிற்று. பாடநூல்களில் ஸ்டீவன்சின் பெயர் நிலைத்தது. தன் உடலையே சான்றாகத் தந்த அப்பெண்ணை நினைவுகூர்வோர் சிலரே.

1817ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் நடந்த நிகழ்ச்சி இவற்றினும் கடுமையானது. 38 வயதுச் சுமைதூக்கி ஒருவருக்கு இடத்தொடையிடுக்கில் இலியாக் தமனி பெரிதாகப் புடைத்திருந்தது. ஒரு நாள் அது உடைந்து குருதி பெருகியது. சர் ஆஸ்ட்லி கூப்பர் அவருடைய வயிற்றைச் சிறிதளவே திறந்து, விரல்களால் துழாவித் துடிப்பை உணர்ந்து, பெருந்தமனியையே நூலால் கட்டினார். மனித உடலில் பெருந்தமனி கட்டப்பட்டது அதுவே முதன்முறை. நோயாளி நாற்பது மணி நேரம் உயிர் வாழ்ந்தார். கூப்பர் இதனை மறைத்திருக்கலாம். மாறாக, அறுவையின் ஒவ்வொரு கட்டத்தையும், பின்னர் நிகழ்ந்தவற்றையும், உடலைத் திறந்து கண்டவற்றையும் முழுமையாக எழுதி வெளியிட்டார். பெருந்தமனியைக் கட்டிய பின்னும் நோயாளி பல மணி நேரம் உயிரோடிருக்க இயலும் என்பதை மருத்துவ உலகம் இந்தத் தோல்வியிலிருந்தே கற்றது. 1827ஆம் ஆண்டில் வாலன்டைன் மாட் பொது இலியாக் தமனியைக் கட்டி நோயாளியைப் பிழைக்க வைத்தார். பெருந்தமனியைக் கட்டி நோயாளியை நெடுங்காலம் வாழ வைக்க 1923ஆம் ஆண்டு வரை, அஃதாவது கூப்பருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, காத்திருக்க வேண்டியிருந்தது. அதனைச் செய்தவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ருடால்ஃப் மாட்டாஸ்.

காயமின்றித் திறந்த வழி

ஹண்டர் கண்டது கருவி குத்தியதால் உண்டான குறுக்குவழி. வெளிக்காயம் எதுவுமின்றித் தமனிப் புடைப்பு தானே சிரைக்குள் உடைவதும் உண்டோ? 1831ஆம் ஆண்டில் எடின்பரோவின் ஜேம்ஸ் சைம், வயிற்றுப் பெருந்தமனியின் புடைப்பு தானாகவே கீழ்ப்பெருஞ்சிரைக்குள் திறந்துகொண்ட நிகழ்வை வெளியிட்டார். இன்று நாம் பேசும் நோய்க்குடும்பத்தின் முதற்பதிவாக அதனையே மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பெருந்தமனி கீழ்ப்பெருஞ்சிரைக்குள் உடைவதும், இலியாக் தமனி இலியாக் சிரைக்குள் உடைவதும் ஒரே வகைக் கேட்டின் இரு இடங்களே. பெருந்தமனிப் புடைப்புகளில் சிரைக்குள் உடைபவை நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினவே. இலியாக் தமனி தனித்துப் புடைப்பதே அரிது. அது சிரைக்குள் உடைவது அதனினும் அரிது.

தமிழில் வந்த உடற்கூறு

இவ்வறிவு ஐரோப்பிய மொழிகளில் தொகுக்கப்பட்டுவந்த அதே நூற்றாண்டில், தமிழிலும் ஒரு முயற்சி நடந்தது. மொழி வளர்ச்சிக்கான இவ்வவையில் அதனைச் சொல்லாமல் செல்வது முறையன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பித்தார். ட்ரூயிட் என்பாரின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் 1867ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் வெளியானது 1858ஆம் ஆண்டில்; அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் வெளியானது 1872ஆம் ஆண்டில். இடைவெளி 14 ஆண்டுகளே.

அச்சொற்களில் பல இன்று வழக்கிழந்திருக்கலாம்; வடமொழிச் சாயல் மிகுந்திருக்கலாம். ஆயினும் தமனியும் சிரையும் எங்கே ஓடுகின்றன, எங்கே கிளைக்கின்றன என்பதை ஒரு மாணவன் தன் தாய்மொழியில் படித்து மருத்துவனாக முடிந்தது. நோயாளி சொல்வதைக் கேட்ட மொழியிலேயே அதனைப் பதிவு செய்யவும் முடிந்தது. எழுதிவைத்தல் என்று நான் இவ்வுரையில் வலியுறுத்தும் பண்பு எம்மொழிக்கும் உரியது என்பதற்கு மானிப்பாய் சான்று.

இதயம் சொன்ன செய்தி

அடுத்த திருப்பம் காயமுற்ற உறுப்பிலிருந்து இதயத்திற்குச் சென்றது. 1875ஆம் ஆண்டில் ஆஸ்திரிய மருத்துவர் நிக்கலடோனி, குறுக்குவழியுள்ள தமனியை அழுத்தியபோது நோயாளியின் நாடித் துடிப்பு குறைந்ததைக் கண்டார். 1890ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிரான்ஹம், துப்பாக்கிக் குண்டால் தொடைத் தமனியும் சிரையும் இணைந்துவிட்ட ஒருவரிடம் அதே நிகழ்ச்சியைக் கண்டு எழுதினார். தொடையில் விரலால் அழுத்த, நெஞ்சில் துடிப்பு தளர்கிறது! இன்றும் இவ்வடையாளம் இவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

இதன் காரணம் எளியது. குறுக்குவழி திறந்திருக்கும்போது குருதிக்குத் தடை குறைவு; அழுத்தம் தாழ்கிறது; அதனை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது. வழியை விரலால் அடைத்ததும் அழுத்தம் உயர்கிறது; கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதனை அறிவிக்க, இதயம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் எமில் ஹோல்மன் விலங்குகளில் இத்தகைய வழிகளை உண்டாக்கிப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1937ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வழி பெரிதாயின் இதயம் விரிவடைந்து தளர்கிறது. வழியை மூடினால் அது மீண்டும் தேறக்கூடும். இதயமே நோயுற்றது என்று கைவிடப்பட்ட ஒருவர், இடுப்பிலுள்ள ஒரு துளையை மூடியதும் நலம்பெறலாம் என்னும் நம்பிக்கை இங்கிருந்தே பிறந்தது.

மூடும் கலை

மூடுவது எவ்வாறு? தமனியையும் சிரையையும் பிரித்தெடுக்க முயன்றால், ஒட்டிக்கிடக்கும் மெல்லிய சிரைச்சுவர் கிழிந்து குருதி கட்டுக்கடங்காமல் பெருகும். மாட்டாஸ் 1888ஆம் ஆண்டில் கையில் தமனிப் புடைப்புடைய ஒருவரிடம் வேறொரு வழியைக் கண்டிருந்தார். புடைப்பை அகற்றாமல், அதனைத் திறந்து, உட்புறத்திலிருந்தே துளைகளைத் தைத்துவிடுதல் அவ்வழி. இடுப்பிலும் அதுவே பின்னர் நெறியாயிற்று. தமனியை மேலும் கீழும் அடைத்து, புடைப்பைத் திறந்து, சிரையிலிருந்து பொங்கும் குருதியை விரலால் தடுத்து, உள்ளிருந்தபடியே துளையைத் தைப்பர். அவ்வேளையில் புடைப்பினுள் படிந்துள்ள உறைகட்டி சிரைக்குள் நழுவினால் அது நுரையீரலை அடைந்து உயிரைப் போக்கக்கூடும். ஆகவே, துளையைத் தொடுமுன் சிரையின் வழியை அழுத்தி அடைப்பது இன்றியமையாதது.

துளையைத் தைத்தால் போதாது. புடைத்த தமனிக்கு மாற்றும் வேண்டும். குருதிக்குழல்களைத் தைத்து இணைக்கும் நுட்பத்தை வகுத்த அலெக்சி கரேல் 1912ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1951ஆம் ஆண்டில் பாரிசில் சார்லஸ் துபோ, புடைத்த வயிற்றுப் பெருந்தமனியை அகற்றி, இறந்தவரின் தமனியை அவ்விடத்தில் பொருத்தினார். 1952ஆம் ஆண்டில் ஆர்தர் வூர்ஹீசும் அவர்தம் குழுவினரும் செயற்கை இழைத் துணியால் செய்த குழலைத் தமனிக்கு மாற்றாக்க இயலும் என்று காட்டினர். 1950களின் நடுவில் டென்டன் கூலி, புடைப்பு சிரைக்குள் உடைந்த நோயாளி ஒருவருக்கு வெற்றியுடன் அறுவை செய்தார். சைம் எழுதிய முதற்பதிவுக்கும் இவ்வெற்றிக்கும் இடையே நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன.

1990ஆம் ஆண்டில் புவனஸ் அயர்சில் ஹுவான் பரோடி, தொடையிடுக்கிலுள்ள தமனியைத் திறந்து, அதன் வழியே உலோக வலையும் துணியும் சேர்ந்த குழலைச் செலுத்தி வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பை உள்ளிருந்தே மறைத்தார். வயிற்றைத் திறவாமலே உடைவாயை அடைக்கும் இம்முறை, தளர்ந்த இதயத்தோடு வரும் நோயாளிகளுக்குப் பெருந்துணையாயிற்று.

இன்றும் தப்பிவிடும் நோய்

இவ்வளவு கருவிகள் வந்தபின் நோயை அறிவது எளிதாகியிருக்க வேண்டும். உடற்குழல்களில் நிறமியைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கும் முறையை 1929ஆம் ஆண்டில் ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ் பெருந்தமனிக்கு விரிவுபடுத்தினார். இன்றைய சி.டி. படத்தில், தமனி ஒளிரும் அதே கணத்தில் சிரையும் ஒளிர்ந்தால் குறுக்குவழி உண்டென்பது வெளிப்படை.

ஆனால் படம் எடுக்க வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! கால் வீக்கத்தோடு வருபவருக்குச் சிரையில் உறைகட்டி என்று எண்ணுவர். மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இதயநோய் என்பர். சிறுநீர் குறைந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்பர். மூன்றும் ஒரே துளையின் விளைவு என்பதை உணர்த்துவது எளிய ஒரு செயல்: நோயாளியின் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தல், பிறகு ஒலிமானியை வைத்துக் கேட்டல். ஆலை எந்திரம் ஓடுவது போன்ற இடைவிடாத இரைச்சல் கேட்டால் ஐயம் பெரிதும் நீங்கும். ஹண்டர் காதால் கேட்ட அதே ஒலி. அது எல்லோரிடமும் தெளிவாகக் கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆயினும், கேட்க முயலாதவருக்கு அது ஒருபோதும் கேட்பதில்லை.

நோய் மருந்தான கதை

இவ்வரலாற்றின் கடைசித் திருப்பத்தை நம்மிற் பலர் நம் வீடுகளிலேயே கண்டிருப்போம். சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியை எந்திரத்தால் தூய்மை செய்ய வேண்டுமாயின், வாரந்தோறும் பலமுறை பெரிய அளவில் குருதியை வெளியே எடுத்துத் திரும்பச் செலுத்த வேண்டும். சாதாரணச் சிரையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. தமனியையோ மீண்டும் மீண்டும் குத்த இயலாது. 1960ஆம் ஆண்டில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் அவர் குழுவினரும் தோலுக்கு வெளியே குழாய் பொருத்தும் முறையைக் கண்டனர். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் நோய்த்தொற்றும் அடைப்பும் ஓயாத தொல்லைகளாயின.

நியூயார்க்கில் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரேசியா என்னும் மருத்துவர்கள் வேறு விதமாக எண்ணினர். தமனியும் சிரையும் இணைந்தால் சிரை பருக்கிறது, அதன் சுவர் தடிக்கிறது, ஓட்டம் பெருகுகிறது என்பது ஹண்டர் காலம் தொட்டு எழுதப்பட்டுள்ளதே. கையில் உண்டாகும் சிறிய வழி பல்லாண்டுகள் தீங்கின்றி இருக்கக்கூடும் என்பதும் எழுதப்பட்டுள்ளதே. அவ்வாறாயின், அதே வழியை மணிக்கட்டில் நாமே வேண்டுமென்று அமைத்தால் என்ன? அறுவை மருத்துவர் கென்னத் அப்பெல் 1965ஆம் ஆண்டில் அவ்வாறு அமைத்தார்; 1966ஆம் ஆண்டில் அம்முறை வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் டயாலிசிஸ் நிலையங்களில் நோயாளிகளின் கையில் காணும் ஃபிஸ்டுலா அதுவே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்று, கையில் ஃபிஸ்டுலா அமைத்துக்கொண்ட பெரியவர்கள் நம் உறவினரிடையே இருக்கின்றனர். நாள்தோறும் அதன்மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுமாறு செவிலியர் அவர்களுக்குச் சொல்லித் தருவர். அதிர்வு நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடுப்பில் அந்த அதிர்வு தோன்றுவது ஆபத்து. மணிக்கட்டில் அது மறைவது ஆபத்து. வழி ஒன்றே, அளவும் இடமும் நோக்கமும் வேறு. மணிக்கட்டில் அமைத்த வழியும் அளவுக்கு மீறிப் பெருத்தால் இதயத்திற்குச் சுமையாகும் என்பதையும் மருத்துவர்கள் மறப்பதில்லை.

நிறைவுரை

அன்பு மாணவர்களே! குருதி வடித்தவரின் கைத்தவறு மறைக்கப்பட்டிருந்தால், சிரை பருக்கும் என்பதை சிமினோ எங்கே படித்திருப்பார்? நாற்பது மணி நேரத்தில் முடிந்த அறுவையைக் கூப்பர் எழுதாதிருந்தால், மாட்டாசுக்கு முன்னோடி யார்? சைம் கண்டதை எழுதாதிருந்தால், இடுப்பில் ஒலிக்கும் இரைச்சலுக்கு நாம் என்ன பெயர் வைத்திருப்போம்? இவர்கள் எழுதியவை பெரும்பாலும் தம் பெருமையைப் பேசும் பக்கங்கள் அல்ல. இன்னது செய்தோம், இவ்வாறு ஆயிற்று என்னும் எளிய கணக்குகள்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவனின் சோதனை எதிர்பார்த்தவாறு அமையாதபோது, நூலிலுள்ள விடையைப் பார்த்து எழுதிவிடு என்று சொல்லாதீர்கள். அவன் கண்டதை அவன் கண்டவாறே, அவனுக்குத் தெரிந்த தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழையென்றால் பிழையென்றே குறித்து வைக்கட்டும். அக்குறிப்பு நாளை யாருக்கு வழியாகும் என்பதை இன்று நாம் அறிய மாட்டோம்.

சாந்தா குரூசின் அப்பெண்ணும், இலண்டனின் அச்சுமைதூக்கியும் தம் உடலால் எழுதிய பாடத்தை நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, உண்மையை உண்மையாகவே எழுதிவைப்பதுதான்.